முந்திரிக் கிளையில் சொன்ன எல்ஃப் கதை

அந்த வருஷம் சித்திரை மாதம் முழுவதும் என் வேலை எல்ஃப்களோடுதான் இருந்தது. செல்போனில் விளையாடும் ஒரு பெரிய விளையாட்டு. அதன் வசனங்களையும் கதைக்குறிப்புகளையும் நான் தமிழில் எழுதித் தர வேண்டும். சென்னையில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ் வேலையைப் பகுதி பகுதியாக அனுப்பும். ஆண்டிமடத்துக்குச் சற்றுத் தள்ளி, முந்திரிக்காட்டை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து முடித்து அனுப்புவேன். கணவருக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். காட்டை மாமியார்தான் பார்த்துக்கொண்டார்.

இந்த மாதிரி விளையாட்டுகள் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எல்ஃப்கள் மனிதரைப் போலவே இருப்பார்கள். காது மட்டும் நீண்டு, நுனி கூராக இருக்கும். ஆயிரம் வருஷம் வாழ்வார்கள். அவர்களுக்கு ஊர், கோயில், அரண்மனை எல்லாமே காடுதான். வானத்தைத் தொடும் மரங்களின் மேல் வீடு கட்டி, கிளைக்குக் கிளை கயிற்றுப் பாலம் போட்டிருப்பார்கள். நான் எழுதிய விளையாட்டில், ஒரு பிள்ளை பிறந்ததும் அதன் பேரில் ஒரு கன்று நடுவார்கள். அந்த மரம் பட்டுப்போனால் அந்த உயிரும் வாடிவிடும். எல்ஃப் நடந்தால் சருகு சத்தம் போடாது. எந்தக் காட்டிலும் அவர்களுக்கு வழி தப்பாது. மரங்களே ஒதுங்கி வழி காட்டும். அவர்களுடைய ராணிக்கு ஒரு சிறுத்தை துணை. அவள் இலையை மடித்து ஊதினால் அது கிளையிலிருந்து குதித்து வந்து காலடியில் படுக்கும்.

எல்ஃப் என்ற சொல்லுக்கே நான் ரொம்ப நாள் திண்டாடினேன். ஒரு அகராதி குட்டிச்சாத்தான் என்றது. ஆறடி உயர வில்லாளியைக் குட்டிச்சாத்தான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வனதேவதை என்று போட்டேன். என் வேலையைச் சரிபார்க்கும் சென்னைப் பெண் போன் செய்து, "அக்கா, விளையாடுறவங்க எல்லாரும் எல்ஃப்னுதான் சொல்றாங்க. எல்ஃப்னே விட்டுடுங்களேன்" என்றாள். விட்டுவிட்டேன்.

அதைவிடச் சிரமம் கொடுத்தது காடு என்ற சொல். நான் பிறந்து வளர்ந்த பெரம்பலூர்ப் பக்கத்தில், "அம்மா காட்டுக்குப் போயிருக்கு" என்றால் பருத்தியும் சோளமும் போட்ட கொல்லைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாக்கப்பட்டு வந்த இந்த ஊரில் காடு என்றால் முந்திரி. செத்தவர்களைக் கொண்டுபோவதும் காட்டுக்குத்தான். இந்த மூன்றில் எதிலும் என்னால் எல்ஃப்களைக் குடிவைக்க முடியவில்லை. மரத்தில் யாரோ குடியிருக்கிறார்கள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது முனிதான். உச்சிவேளையில் தனியாக அந்தப் பக்கம் போகாதே, திரும்பிப் பார்க்காதே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காதே என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். அதனால் ‘காடு எங்களைக் கைவிடாது’ என்று எல்ஃப் ராணி பேசுவதை எழுதும்போதெல்லாம் அது எனக்குச் சம்பந்தமில்லாத யாரோ பேசுவதாகவே இருந்தது.

மாமியாருக்கும் எனக்கும் சண்டை சச்சரவு கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. அவர் விடியும்போதே காட்டுக்குப் போய்விடுவார். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். யாராவது கேட்டால், "அவ கம்ப்யூட்டர்ல கத எழுதுறா" என்பார். அதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை.

முந்திரி விழும் நேரம் அது. அப்போதுதான் சிறுத்தைப் பேச்சு கிளம்பியது. முதலில் ஓடைக்கரையில் கட்டியிருந்த ஒரு ஆடு காணாமல் போனது. நரி என்றார்கள். பிறகு பக்கத்து ஊரில் இரண்டு நாய்கள். அப்புறம் ஏரிச் சேற்றில் ஒரு காலடித் தடம். வனத்துறைக்காரர்கள் வந்து தடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி தூவிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு, யாரும் தனியாகக் காட்டுக்குள் போக வேண்டாம் என்று சொல்லியபடி தெருத்தெருவாகப் போனது.

"இந்தப் பொட்டக்காட்டுக்குச் சிறுத்த எங்கேருந்து வரும்? காட்டுப்பூனையா இருக்கும்" என்றார் மாமியார். "பழம் உழுந்து கெடக்குது. பொறுக்காம வுட்டா அழுவிப் போவும்."

அன்றைக்கும் அவர் வழக்கம்போலப் போனார். கணவர் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும் மாமியார் வரவில்லை. நான் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அவருடைய போனுக்கு அடித்தேன். அது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்து அடித்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

பக்கத்து வீடுகளில் ஆண்கள் யாரும் இல்லை. எதிர்வீட்டு அக்கா, "இரும்மா, யாராவது வரட்டும். சேர்ந்து போவலாம்" என்றார். நானும் இருந்து பார்த்தேன். மனசு கேட்கவில்லை. வெயிலில் மயங்கி விழுந்திருப்பாரோ, பாம்பு கீம்பு கடித்திருக்குமோ என்றுதான் நினைத்தேன். சிறுத்தையை நினைக்காமல் இருக்கத்தான் பாம்பை நினைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரையும் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முந்திரிக்காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அது நிமிர்ந்து நடக்கிற காடு இல்லை. மரங்கள் உயரமாக வளராது. குடை விரித்த மாதிரி பக்கவாட்டில் படர்ந்து, கிளைகள் தரையைத் தொடும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தோடு பின்னிக் கிடக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நுழைந்ததும் வெயில் பொட்டுப் பொட்டாக மாறிவிடும். காற்று நின்றுவிடும். அழுகிய பழத்தின் புளித்த வாசனை தொண்டை வரை வரும். கீழே கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகு.

அந்தச் சருகுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. அப்பளத்தை நொறுக்குவது போல ஒவ்வொரு அடிக்கும் சத்தம். நான் நிற்கும்போது எல்லாம் நின்றது. நடந்தால், எனக்குப் பின்னாலும் யாரோ நடப்பது போல இருந்தது. "அத்தை!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. எங்கள் காட்டின் எல்லையில் இருக்கும் பனைமரங்களை வைத்து வழி கண்டுகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனதும் பனைமரமும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே இருட்டு, அதே மஞ்சள் பழம். எந்த மரமும் எனக்காக ஒதுங்கி வழி காட்டவில்லை.

ஒரு இடத்தில் அவருடைய கூடை கிடந்தது. சாய்ந்து, கொட்டைகள் சிதறியிருந்தன. பக்கத்தில் தலையில் கட்டும் துண்டு. என் கால் அப்படியே நின்றுவிட்டது. "அத்தை! அத்தை!" என்று கத்தினேன். குரல் அடித்தொண்டையிலிருந்து பிய்ந்து வந்தது.

"கத்தாத."

மிக மெல்லிய குரல். எங்கிருந்து என்று தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மனிதக் குரல் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

"மேல பாரு. சத்தம் போடாம மேல வா."

நிமிர்ந்தேன். ஒரு கிழட்டு முந்திரி மரத்தின் கவட்டையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். புடவையை வரிந்து கட்டி, இரண்டு கையாலும் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அறுபதை நெருங்கும் அவர் மரமேறி நான் பார்த்ததே இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு விரலை மட்டும் கிளையிலிருந்து பிரித்து, என் முதுகுக்குப் பின்னால் காட்டினார்.

"திரும்பாத. ஏறு."

நான் திரும்பவில்லை. எப்படி ஏறினேன் என்பது எனக்கு நினைவில்லை. தண்ணீர் பாட்டில் எங்கோ விழுந்தது. முழங்கால் உரிந்தது. அவர் என் முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்தார். அந்தப் பிடியின் நகத் தடம் பல நாள் இருந்தது. மேலே ஏறி, அவருக்கு எதிர்க் கிளையில் கால் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அவர் காட்டிய பக்கம் பார்த்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாய்ந்த ஒரு மரம், அதன் அடியில் வெயில் பொட்டுகள். அந்தப் பொட்டுகளில் சில மேலும் கீழும் அசைந்தன. காற்றே இல்லையே, எப்படி அசைகிறது என்று பார்த்தேன். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

என் உடம்பு நடுங்கியதில் கிளையும் நடுங்கியது. மாமியார் என் காலைப் பிடித்து அமுக்கினார்.

"தூங்குது. அப்பலேருந்து அங்கதான் கெடக்குது" என்று காதோடு சொன்னார். "நான் சருவ கூட்டிக்கிட்டு வந்தேன். தல தூக்கிப் பாத்துச்சி. கூடையப் போட்டுட்டு ஏறிட்டேன். நீ ஏன் வந்த?"

"உங்களக் காணோம்னுதான்."

"எம்மவன் வந்தப்பறம் அவன அனுப்பக் கூடாது?" என்றார். கோபம் இல்லை. அழுகைதான் அந்தக் குரலில் இருந்தது.

போன் நினைவு வந்தது. இடுப்பில் தடவினேன். இல்லை. கீழே பார்த்தேன். மரத்தடியில், சருகின் மேல், திரை வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. ஏறும்போது விழுந்திருக்கிறது. இறங்கி எடுக்கலாம் என்று காலை நகர்த்தினேன். ஒரு சுள்ளி ஒடிந்தது. சாய்ந்த மரத்தடியில் ஒரு காது நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அசையவில்லை.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறுத்தை மரம் ஏறும். எல்ஃப் ராணியின் சிறுத்தை கிளையில்தான் படுத்திருக்கும். அதைப் பற்றி எழுதும்போது, நிஜத்திலும் அப்படித்தானா என்று தேடிப் படித்திருந்தேன். ஆட்டை வாயில் கவ்விக்கொண்டே ஏறுமாம். நாங்கள் உட்கார்ந்திருந்த உயரம் அதற்கு ஒரு தாவல். மாமியார் இந்தக் கிளையை நம்பிக்கொண்டிருக்கிறார், அந்த நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேரம் போகவே இல்லை. கட்டெறும்புகள் காலில் ஏறின. தட்டிவிடவும் பயம். ஒரு பழம் தானாக உதிர்ந்து சருகில் விழும்போதெல்லாம் அந்தக் காது மறுபடி நிமிர்கிறதா என்று பார்த்தோம். மாமியாரின் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. கண் செருகுவது போல இருந்தது. அவர் மயங்கி விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அவரைப் பேச வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"அத்தை," என்றேன், உதடு மட்டும் அசைய. "நான் எழுதுற கதை என்னன்னு கேட்டதே இல்லையே நீங்க."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "சொல்லு" என்றார்.

சொன்னேன். நீட்டுக் காது, வில், மரத்தின் மேல் ஊர், பிள்ளை பிறந்ததும் நடும் கன்று. எழுதும்போது ஒட்டாமல் இருந்த எல்லாவற்றையும் அவருடைய காதுக்குள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். என் கண் மட்டும் சாய்ந்த மரத்தைவிட்டு நகரவில்லை.

"மரத்து மேலயே சோறாக்குவாங்களா?"

"ஆமாம்னு நெனக்கிறேன்."

"நெருப்புப் பத்திக்காதா? சருவு கெடக்குமே."

அந்தக் கேள்வியை விளையாட்டை உருவாக்கியவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. "மந்திரம் வச்சிருப்பாங்க" என்றேன்.

"ஒதுங்கறதுக்கு எறங்கித்தான வரணும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அது அடக்க முடியாமல் இருந்தது என்று புரிந்தது. எனக்கும்தான்.

"அவங்களுக்குப் பயமே கெடையாதா?" என்றார் பிறகு.

"கெடையாது. காட்டுல இருக்கிற எதுவும் அவங்கள ஒண்ணும் செய்யாது."

"காட்டுல பொறந்தா அப்படித்தான் போல" என்றார். "நான் இந்த மரத்துக்கடியில நாப்பது வருஷமா குனிஞ்சி கெடக்குறேன். எனக்கு இன்னிக்கி ஈரக்கொல நடுங்குது."

நான் பதில் சொல்வதற்குள் கீழே போன் அடித்தது.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது! அந்த நிசப்தத்தில், முழுச் சத்தத்தில், நாதஸ்வரமும் தவிலும். கணவருக்கென்று நானே வைத்திருந்த கல்யாண மேளம். சருகின் மேல் போன் அதிர்ந்து, சருகும் சேர்ந்து கரகரத்தது.

சிறுத்தை எழுந்துவிட்டது. தூங்கி எழுந்த சோம்பல் இல்லாமல் ஒரே அசைவில் நாலு காலில் நின்றது. முதுகு தாழ்ந்தது. சத்தம் வந்த இடத்தையே பார்த்தது. பிறகு ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. அது நடக்கும்போது சருகு சத்தமே போடவில்லை. நான் அப்பளம் போல நொறுக்கிக்கொண்டு வந்த அதே சருகு. எல்ஃப்களின் நடை என்று நான் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

மரத்தடிக்கு வந்தது. போன் அடித்து ஓய்ந்தது. அது கழுத்தை நீட்டி முகர்ந்தது. அதன் தோள் எலும்பு தோலுக்கடியில் நகர்வது தெரிந்தது. முந்திரிப் புளிப்பையும் மீறி ஒரு வீச்சம் மேலே வந்தது. பிறகு அது நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.

அந்தக் கண்ணில் கோபம் இல்லை, பசியும் இல்லை. எங்களைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மாமியார் என் கையைப் பிடித்திருந்தார். அவர் முணுமுணுத்தது அவருடைய குலசாமியின் பேர். என் வாயில் ஒரு சாமி பேரும் வரவில்லை. அது முன்னங்காலைத் தூக்கி மரத்தின் அடியில் வைத்தது. நகம் பட்டையில் பதியும் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது.

போன் மறுபடி அடித்தது.

இந்தமுறை சிறுத்தையின் காலுக்குக் கீழேயே அடித்தது. சிறுத்தை துள்ளிப் பக்கவாட்டில் விழுந்தது போலத் தாவி, தாழ்ந்த கிளைகளுக்குள் மறைந்தது. ஒரு இலை ஆடியது. அவ்வளவுதான்.

அது கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் இருந்த பயம் ஒன்று; தெரியாமல் போனபின் வந்த பயம் வேறு. முன்னால் ஒரு இடத்தைப் பார்த்துப் பயந்தோம். இப்போது எல்லா இடத்தையும் பார்த்துப் பயந்தோம். கழுத்துக்குப் பின்னால் மூச்சு விழுவது போலவே இருந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு மேலேயும் கிளைகள் இருந்தன.

வெயில் சாய ஆரம்பித்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. பிறகு சருகை மிதித்துக்கொண்டு ஒரு ஆள் வரும் சத்தம். "அம்மா! அம்மா!" என்று என் கணவர் குரல். ஷிப்ட் முடிந்து வந்தவர், வீட்டில் யாரும் இல்லாமல், போனையும் யாரும் எடுக்காமல், நேராக இங்கே வந்திருக்கிறார். சட்டையில்கூடச் சிமெண்ட் தூசி.

அவர் வந்துகொண்டிருந்தது சிறுத்தை மறைந்த பக்கத்திலிருந்து.

எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதுவரை மூச்சையும் எண்ணி விட்டுக்கொண்டிருந்த மாமியார், கிளையில் எழுந்து நின்றேவிட்டார். "டேய் நில்லுடா! வராத! அங்கயே நில்லு!" அந்தக் குரல் அந்த உடம்பிலிருந்து வந்தது என்று நம்ப முடியவில்லை. காட்டில் இருந்த மயில்கள் எல்லாம் அலறின.

கணவர் நின்றார். கிளைகளுக்கு நடுவில் எங்களைக் கண்டுபிடித்தார். "மரத்து மேல என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று சிரிக்கப் போனார்.

"சிறுத்தடா! அங்கதான் இருக்குது! ஓடாத! ஓடுனா தொரத்தும்!"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்குப் பக்கவாட்டில், ஒரு கிளை மறைவிலிருந்து, மஞ்சளாக ஒன்று எழுந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். கைகள் இரண்டும் பக்கத்தில் விறைத்துப்போய், கல்லாகிவிட்டார். அந்த நொடியில்தான் எனக்குக் குரல் வந்தது. என்ன கத்தினேன் என்று தெரியாது. வார்த்தையே இல்லை. மாமியார் கைக்கு எட்டிய பழங்களையெல்லாம் பறித்து வீசினார். நானும் வீசினேன். கிளையைப் பிடித்து உலுக்கினோம். கீழே அவரும் "ஏய்! ஏய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த ஆரம்பித்தார். மூன்று பேரும் சேர்ந்து அந்தக் காட்டையே கிழித்தோம்.

அது எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு திரும்பி, ஓடைப் பக்கமாக, அவசரமில்லாமல் போனது. அதன் வால் நுனி மட்டும் கடைசியாகத் தெரிந்தது.

கணவர் பின்னடி வைத்தே வண்டிக்குப் போனார். ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஊருக்குப் போய், டிராக்டரும் தப்பட்டையும் தடியுமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவரை நாங்கள் இறங்கவில்லை. அவர்கள் வந்த பிறகும் என்னால் இறங்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது. விரல்கள் கிளையைவிட்டுப் பிரியவில்லை. ஒருவர் மேலே ஏறி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். மாமியார் டிராக்டரில் ஏறியதும் மகனை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு, அவர் மார்பில் சாய்ந்து அழுதார்.

வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்தார்கள். உள்ளே ஒரு ஆட்டைக் கட்டினார்கள். அந்த ஆடு இரவெல்லாம் கத்தியதுதான் மிச்சம். சில நாளில் தடம் வேறு ஊர்ப் பக்கம் தெரிந்ததாகச் சொன்னார்கள். அப்புறம் எங்கும் தெரியவில்லை என்றார்கள். பிடித்தார்களா, வந்த வழியே போய்விட்டதா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

மாமியார் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். நான் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாள், "அது மரம் ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா அத்தை? நான் சொல்லாமயே இருந்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "எங்க அப்பா சொல்லியிருக்காரு. உனக்குத் தெரியாதுன்னுதான் நான் வாயத் தொறக்கல." கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சே உக்காந்திருந்தியா நீ?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். எனக்கு உடம்பு மறுபடி நடுங்கத்தான் செய்தது. அவர் போர்வையின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினார்.

வேலைக்குத் திரும்பியபோது அடுத்த பகுதி வந்து காத்திருந்தது. எல்ஃப் வீரர்கள் புதிதாகச் சேரும் ஒருவனுக்குக் காட்டைப் பற்றிச் சொல்லும் இடம். இலைகளின் பேச்சைக் கேள், அச்சம் உன்னை விட்டுப் போகும் என்று வருகிறது. வரியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தேன். மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. உள்ளதை உள்ளபடி தமிழாக்கி அனுப்பினேன். ஆனால் அவர்கள் நடக்கும் இடம் வந்தபோதெல்லாம் என் காதில் சத்தமே இல்லாத அந்தச் சருகு கேட்டது. ஜன்னலை மூடிவிட்டுத்தான் எழுதினேன். மின்விசிறி ஓடும் சத்தம் வேண்டியிருந்தது. இந்த விளையாட்டை விளையாடும் பிள்ளைகள் காட்டின் மேல் ஆசைப்படட்டும் என்று நினைத்தேன். ஆசை கெட்டது இல்லை. காட்டை நெஞ்சு அடித்துக்கொள்ளப் பார்த்த ஒருத்திதான் அதை எழுதியிருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

காய்ச்சல் விட்ட மறுநாளே மாமியார் கூடையைத் தேடினார். பழம் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. கணவர் ஒரேயடியாகக் கூடாது என்றார். கடைசியில் தெருவே சேர்ந்து போவது என்று முடிவானது. ஒரு டிராக்டரில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு, தட்டைத் தட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகக் கிளம்பினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் எழுந்து போனேன். அவரைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

வெயில் முடிந்து நிழல் தொடங்கும் இடத்தில் என் கால் நின்றுவிட்டது. மற்றவர்கள் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு அதற்கு அடியில் வேறு ஏதோ கேட்பது போலவே இருந்தது. மாமியார் கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"வா" என்றார்.

"பயமா இருக்குது அத்தை."

"நான் மட்டும் தைரியமாவா போறேன்? வா, ரெண்டு பேரும் பயந்துகிட்டே பொறுக்குவோம்."

என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு மரத்தடியில் சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருக ஆரம்பித்தோம். அவர் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டார். நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவருடைய முதுகு வேகமாக ஏறி இறங்குவது என் முதுகில் தெரிந்தது.